கடையில் பாட்டுப் போட்டால் கட்டணமா? வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஏ-9 வீதியில் மாங்குளத்தில் திரும்பி மேற்கே சென்றால் மல்லாவி வரும். 1996இல் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்நகரின் கடைகளும் அலுவலகங்களும் பெருமளவில் இங்கு வந்து சேர்ந்தன. பொருளாதாரத் தடை இருந்த அந்நாட்களில் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் வன்னி மக்கள். இன்று நிலைமை வேறு. கையிலுள்ள போனும் ஒரு சிறிய ஸ்பீக்கரும் போதும். சலூன், தேநீர்க்கடை, புடவைக்கடை, கராஜ் என்று எங்கும் காலை முதல் இரவு வரை பாட்டு ஒலிக்கிறது.

பாட்டுப் போடும் கடை முதலாளிகளில் பெரும்பாலானோர் அதை ஒரு செலவாக நினைப்பதில்லை. வாடகை, மின்சாரப் பட்டியல், பிரதேச சபை உரிமக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கணக்கு வைக்கிறார்கள். பாட்டுக்குக் கணக்கு இல்லை. ஆனால், "உங்கள் வியாபார நிலையத்தில் இசையைப் பயன்படுத்துகிறீர்கள், அதற்கான அனுமதிக் கட்டணத்தைச் செலுத்துங்கள்" என்று ஒரு கடிதம் ஒருநாள் கொழும்பிலிருந்து வந்தால் என்ன செய்வது?

இப்படியான கடிதத்தைக் கண்டதும் சிலர் பயந்து, கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுவார்கள். வேறு சிலர் "இது ஒரு ஏமாற்று வேலை" என்று கிழித்து எறிந்துவிடுவார்கள். இரண்டுமே பிழையான வழிகள். கடிதத்தின் பின்னால் உண்மையான சட்டம் ஒன்று இருக்கிறது. ஆகவே கிழித்து எறிய முடியாது. அதேவேளை, கடிதம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பணம் கேட்கும் உரிமை இருக்கும் என்று சொல்லவும் முடியாது. ஆகவே கேட்டவுடன் கொடுக்கவும் கூடாது.

பாரிஸ் நகரத்துக் கோப்பிக் கடையில் தொடங்கிய கதை

இந்தக் கட்டணத்தின் வரலாறு ஒரு கடையில்தான் தொடங்கியது. 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர், இசை நிகழ்ச்சி நடக்கும் ஒரு கோப்பிக் கடைக்குச் சென்றார். அங்கே அவருடைய பாடலையே இசைத்துக் கொண்டிருந்தார்கள். அதற்காக அவருக்கு ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை. அவர் தான் அருந்திய பானத்துக்குப் பணம் தர மறுத்துவிட்டார். "என் பொருளை நீங்கள் இலவசமாகப் பயன்படுத்தினால், உங்கள் பொருளை நானும் இலவசமாக அருந்துவேன்" என்பதே அவரது வாதம். விடயம் நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. ஒவ்வொரு கடையாகச் சென்று பணம் கேட்பது ஒரு தனிமனிதரால் முடியாத காரியம் என்பதால், இசைப் படைப்பாளிகள் ஒன்றுசேர்ந்து 1851இல் 'சாசெம்' என்ற சங்கத்தை அமைத்தனர். பின்னர் பல நாடுகளில் உருவான இசை உரிமைச் சங்கங்களுக்கு அதுவே முன்னோடி.

இந்தச் சம்பவத்தை ஒரு வியாபாரி இலகுவாக விளங்கிக் கொள்ளலாம். கடையில் உள்ள மின்விசிறியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வாடிக்கையாளர் அமரும் கதிரையையும் அப்படியே. வாடிக்கையாளரைச் சற்று நேரம் இருத்தி வைக்கும் பாட்டும் இன்னொருவரின் உழைப்பில் உருவான ஒரு பொருள் என்பதே சட்டத்தின் நிலைப்பாடு.

எமது நாட்டுச் சட்டம் சொல்வது என்ன?

இலங்கையில் இவ்விடயத்தை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆளுகிறது. இதற்கு முன்னர் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பாடல் ஒன்றை உருவாக்கியவருக்கு அதைப் பிரதிசெய்யும் உரிமையும், ஒலிபரப்பும் உரிமையும், பொது இடத்தில் நிகழ்த்தும் உரிமையும் உண்டு. அந்த உரிமை கிடைக்க எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பாடல் உருவான கணத்திலேயே உரிமையும் உருவாகிவிடுகிறது.

'பொது நிகழ்த்துகை' என்றால் மேடைக் கச்சேரி மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வை அதைவிட விரிவானது. குடும்பத்தினரும் அவர்களுக்கு மிக நெருங்கியவர்களும் அல்லாத ஆட்கள் இருக்கும் இடத்தில், அல்லது இருக்கக்கூடிய இடத்தில், ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கச் செய்வதும் பொது நிகழ்த்துகைதான். வீட்டில் போட்டால் அது சொந்த விடயம். அதே பாட்டைக் கடைக் கவுண்டரில் வைத்துப் போட்டால் அது சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. கடையில் ஆள் இருந்தாரா இல்லையா என்பதைவிட, ஆட்கள் வரக்கூடிய இடமா என்பதே கேள்வி.

வேண்டுமென்றே உரிமையை மீறியவருக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் அதே குற்றம் செய்தால் இது இரு மடங்காகும். சிவில் வழக்கில், உரிமையாளர் தனது உண்மையான நட்டத்தை நிரூபிப்பதற்குப் பதிலாக 50,000 ரூபாவுக்கும் 10 இலட்சம் ரூபாவுக்கும் இடைப்பட்ட ஒரு தொகையை நீதிமன்றம் தீர்மானிக்கும்படி கேட்கவும் சட்டம் இடமளிக்கிறது. இத்தகைய சிவில் வழக்குகள் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கே செல்கின்றன. மல்லாவியில் சலூன் வைத்திருப்பவர் வழக்குத் தவணைக்குக் கொழும்பு போய்வருவதென்றால், பஸ் செலவும் சட்டத்தரணி செலவும் மூடிக் கிடக்கும் கடையின் நட்டமும் சேர்ந்து அனுமதிக் கட்டணத்தைவிடப் பெரிதாகிவிடும். கடிதத்தை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

வழமையாகக் கேட்கப்படும் கேள்விகள்

"நான் வானொலியைத்தான் திறந்து வைக்கிறேன். சக்தியும் சூரியனும் தென்றலும் எல்லோருக்கும் பொதுவானவை அல்லவா?" வானொலி நிலையம் பெறும் அனுமதி ஒலிபரப்புவதற்கானது. அந்த ஒலிபரப்பை ஒரு வியாபார நிலையத்தில் பொதுமக்களுக்குக் கேட்கச் செய்வது வேறொரு பயன்பாடு. ஆகவே நிலையம் கட்டணம் செலுத்தியிருப்பதால் கடைக்குப் பொறுப்பில்லை என்று வாதாட முடியாது.

"நான் யூடியூபுக்கு மாதக் கட்டணம் கட்டுகிறேன். ஸ்பொட்டிபையும் காசு கொடுத்தே எடுத்தேன்." ஸ்பொட்டிபை 2021 முதல் இலங்கையில் கிடைக்கிறது. ஆனால் இத்தகைய தனிநபர் கணக்குகள் சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று அவற்றின் நிபந்தனைகளில் எழுதப்பட்டுள்ளது. நாம் அவற்றை வாசிக்காமலேயே சம்மதம் கொடுக்கிறோம். சீடி ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கினாலும் இதே நிலைதான். தட்டு நமக்குச் சொந்தம், பொது இடத்தில் போடும் உரிமை நமக்குச் சொந்தமல்ல.

"பிரதேச சபை உரிமம் எடுத்திருக்கிறேன். விழாவுக்குப் பொலிஸில் ஒலிபெருக்கி அனுமதியும் பெற்றேன்." துணுக்காய் பிரதேச சபை கொடுப்பது வியாபாரம் செய்வதற்கான அனுமதி. பொலிஸார் கொடுப்பது சத்தம் பற்றிய அனுமதி. பாடலின் உரிமை இவ்விரண்டிலும் அடங்காது.

"பாட்டுப் போடுவது நானல்ல, வேலைக்கு நிற்கும் பொடியன்தான்." இதே வாதம் பிரித்தானியாவில் நீதிமன்றம் வரை சென்றது. 'க்விக் பிட்' என்ற வாகனத் திருத்தக் கம்பனியின் ஊழியர்கள் வேலை நேரத்தில் தமது சொந்த வானொலிகளைச் சத்தமாக வைத்தார்கள். வாடிக்கையாளருக்கும் அது கேட்டது. உரிமைச் சங்கம் 2 இலட்சம் பவுண் கேட்டுக் கம்பனி மீது வழக்குத் தொடுத்தது. வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யுமாறு கம்பனி கேட்டபோது, 2007இல் ஸ்கொட்லாந்து நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. கடையில் நடப்பதை அறிந்தும் தடுக்காத முதலாளி பொறுப்பிலிருந்து தப்புவது கடினம்.

ஒரு பாட்டு, பல சொந்தக்காரர்கள்

இங்குதான் வர்த்தகர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு சினிமாப் பாடலில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு வகை உரிமை. பாடியவருக்கும் ஒலிப்பதிவு செய்த கம்பனிக்கும் இன்னொரு வகை உரிமை. வர்த்தக நோக்கில் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவைப் பொது இடத்தில் பயன்படுத்தினால் தயாரிப்பாளருக்கும் கலைஞருக்கும் நியாயமான கொடுப்பனவு உண்டு. ஆகவே ஒரு தரப்புக்குப் பணம் கட்டினால் மறு தரப்பின் கோரிக்கை தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது மொழி. இலங்கையில் இலங்கை நிகழ்த்துகை உரிமைச் சங்கம், 'ஒஸ்கா' எனப்படும் பாடல் ஆக்குநர்களின் சங்கம் போன்றவை இத்துறையில் இயங்கி வந்துள்ளன. மல்லாவியில் ஒரு கடையில் ஒலிப்பதோ பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சினிமாப் பாடல்கள். வெளிநாட்டுப் பாடல்களுக்கும் இலங்கையில் பாதுகாப்பு உண்டு. ஆனால் இங்குள்ள ஒரு சங்கம் தமிழ்நாட்டுப் பாடல்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்க வேண்டுமானால், அப்பாடல்களின் உரிமையாளரோடோ அவர்களது இந்தியச் சங்கத்தோடோ அதற்கு எழுத்திலான உடன்படிக்கை இருக்க வேண்டும். சிங்களப் பாடலாசிரியர்களின் அங்கத்துவத்தைக் காட்டித் தமிழ்ப் பாட்டுக்குக் கட்டணம் கேட்டால், "எனது கடையில் ஒலிக்கும் பாடல்கள் உங்கள் பட்டியலில் உள்ளனவா?" என்று கேட்பது உங்கள் நியாயமான உரிமை.

"பழைய பாட்டுத்தானே?" என்ற கேள்வியும் உண்டு. பாடலை ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் காலமானது 1973இல். அவருடைய எழுத்துக்கே இன்னும் காலம் முடியவில்லை. ஒலிப்பதிவின் உரிமைக்கு 50 ஆண்டுகள். பதிவு பழையதாக இருக்கலாம், அதிலுள்ள பாடலின் உரிமை உயிரோடு இருக்கும்.

மார்க்கப் பாடல்களின் நிலை

இசை கேட்பது பற்றிய மார்க்கத் தீர்ப்புக்குள் இக்கட்டுரை செல்லவில்லை. அது உலமாக்களிடம் கேட்க வேண்டியது. ஆனால் எமது வர்த்தகர்கள் பலர், "நாங்கள் சினிமாப் பாட்டுப் போடுவதில்லை, இஸ்லாமிய கீதங்கள் மட்டும்தான், ஆகவே எங்களுக்கு இது பொருந்தாது" என்று கருதுவதால் ஒரு விளக்கம் அவசியமாகிறது.

சட்டம் பாடலின் கருத்தைப் பார்ப்பதில்லை. நாகூர் ஈ.எம்.ஹனிபா 2015 ஏப்ரலில் காலமானார். அவர் பாடிய பாடல்களை எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் பதிவு செய்த கம்பனிகளுக்கும் மற்றப் பாடல்களுக்குரிய அதே உரிமைகள் உண்டு. அல்குர்ஆன் வசனங்களுக்கு எவரும் உரிமை கோர முடியாது. எனினும் ஒரு காரி ஓதிய குறிப்பிட்ட ஒலிப்பதிவில், அதைத் தயாரித்தவருக்கு உரிமை இருக்க முடியும். பெரும்பாலானோர் அதை நன்மை கருதி இலவசமாகவே விட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விடயம்.

1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வர்த்தகப் பெயர், வர்த்தகக் குறி, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியன உரியவர்களின் சொத்தாகும், அவற்றை மீறுவது ஆகாது என்று தீர்மானித்தது. ஆகவே அடுத்தவர் ஹக் என்ற அடிப்படையில் பார்த்தாலும் இது நாட்டுச் சட்டத்தோடு முடிந்துவிடும் விடயமல்ல.

கடிதம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, கடிதத்தையும் அது வந்த திகதியையும் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் வாக்குவாதப்பட வேண்டாம். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் கொடுங்கள்.

இரண்டு, கேட்பவர் யார் என்று பாருங்கள். இத்தகைய சங்கங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. பதிவு செய்பவர் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகம். பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கொழும்பிலுள்ள அந்த அலுவலகத்துக்கே எழுதி விசாரியுங்கள்.

மூன்று, எந்தப் பாடல்களுக்காக, எந்த வகை உரிமைக்காக, எந்தக் காலப்பகுதிக்காகப் பணம் கேட்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். கட்டணம் எந்த அடிப்படையில் கணிக்கப்பட்டது, கதிரைக் கணக்கா, சதுர அடிக் கணக்கா என்பதையும் கேளுங்கள். இருபது பேர் இருக்கும் தேநீர்க்கடைக்கு நட்சத்திர ஹோட்டலின் கட்டணத்தைப் போட்டிருந்தால் பேசிக் குறைக்கலாம்.

நான்கு, கையில் காசு கொடுக்காதீர்கள். சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குச் செலுத்தி, பற்றுச்சீட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் பெறுங்கள். சங்கத்தின் ஊழியர் பொலிஸ்காரர் அல்லர். கடைக்குள் புகுந்து ஸ்பீக்கரைக் கழற்றிச் செல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஐந்து, விடயம் தீரும் வரை பாட்டை நிறுத்தி வையுங்கள். கடிதம் கிடைத்த பின்னரும் தொடர்ந்து போட்டால், "தெரியாமல் செய்தேன்" என்று சொல்ல முடியாது. 'வேண்டுமென்றே' என்ற சொல் அங்கேதான் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஆறு, உடன்பாடு ஏற்படாவிட்டால் பணிப்பாளர் நாயகத்தை நாடலாம். பதிப்புரிமைத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீதிமன்ற அழைப்பாணை வந்துவிட்டால் சட்டத்தரணியிடம் செல்வதைத் தாமதிக்க வேண்டாம்.

மற்ற நாடுகளில் நடந்தவை

கேட்பவருக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி அற்பமானதல்ல என்பதற்கு இந்தியாவே சாட்சி. 'நோவெக்ஸ்' என்ற கம்பனி, தமது நிறுவன நிகழ்ச்சிகளில் அனுமதியின்றிப் பாடல்களைப் பயன்படுத்தியதாக டீ.எக்ஸ்.சி., கொக்னிசன்ட் ஆகிய கம்பனிகள் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பதிவு செய்யப்பட்ட பதிப்புரிமைச் சங்கமாக அல்லாமல் அனுமதி வழங்கும் தொழிலை நடத்த முடியாது என்று 2021 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றமும், 'பீ.பீ.எல்.' என்ற ஒலிப்பதிவு உரிமை நிறுவனத்துக்கும் ஓர் உணவகக் கம்பனிக்கும் இடையிலான வழக்கில் இதே திசையில் தீர்ப்பளித்து, பதிவு பெற்ற சங்கத்தின் கட்டண விகிதப்படி பணம் செலுத்துமாறு உத்தரவிட்டது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் இடைநிறுத்தியது. பெரிய கம்பனிகளே இக்கேள்வியை எழுப்பும்போது சிறிய கடைக்காரர் எழுப்புவதில் தவறில்லை.

வசூலிப்பவர்கள் எல்லை மீறுவதும் உண்டு. ஸ்கொட்லாந்தில் ஒரு கிராமத்துக் கடை, கட்டணம் கேட்கப்பட்டதால் வானொலியை நிறுத்திவிட்டது. அங்கு வேலை செய்த பெண் ராக்கைகளில் சாமான் அடுக்கும்போது தானே பாடத் தொடங்கினார். அதற்கும் அனுமதி வேண்டும் என்று உரிமைச் சங்கம் கூறியது. விடயம் பத்திரிகைகளில் வெளிவந்ததும் 2009இல் சங்கம் மன்னிப்புக் கேட்டுப் பூச்செண்டும் அனுப்பியது.

இத்தாலியின் டூரின் நகரப் பல் வைத்தியர் ஒருவரின் வழக்கும் கவனிக்கத்தக்கது. நோயாளர் காத்திருக்கும்போது பின்னணியில் ஒலிக்கும் இசைக்கு, ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர்களின் அமைப்பு அவரிடம் பணம் கேட்டது. நோயாளர் இசை கேட்க வருவதில்லை, அவர்களின் தொகையும் சிறியது, இசையால் வைத்தியருக்கு வருமானமும் கூடுவதில்லை என்ற காரணங்களால் பணம் செலுத்தத் தேவையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 மார்ச்சில் கூறியது. அதே நாளில் வேறொரு வழக்கில், அறைகளில் வானொலியும் டீவியும் வைக்கும் ஹோட்டல்கள் செலுத்தத்தான் வேண்டும் என்றும் கூறியது.

அமெரிக்கா 1998இல் ஒரு சட்டம் இயற்றி, 2,000 சதுர அடிக்குக் குறைந்த கடைகளும் 3,750 சதுர அடிக்குக் குறைந்த உணவகங்களும் வானொலி, டீவி ஒலிபரப்பைக் கட்டணமின்றிப் பயன்படுத்த விலக்களித்தது. இது உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கு முரணானது என ஐரோப்பிய நாடுகள் முறையிட, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. ஆயினும் அமெரிக்கா தனது சிறு கடைகளுக்கான விலக்கை நீக்கவில்லை. அவ்வாறு சதுர அடிக்கணக்கில் அமைந்த ஒரு விலக்கு எமது சட்டத்தில் இல்லை.

செலவைத் தவிர்க்கும் வழிகள்

முதலாவது, பாட்டு உங்கள் வியாபாரத்துக்கு உண்மையிலேயே தேவைதானா என்று யோசியுங்கள். திருமண மண்டபத்துக்குத் தேவைப்படலாம். பலசரக்குக் கடையில் பாட்டு இல்லாததால் அரிசி வாங்காமல் திரும்பியவர் யாருமில்லை. இரண்டாவது, வியாபார நிலையங்களில் பயன்படுத்த அனுமதி கொடுத்து வெளியிடப்படும் இசை இணையத்தில் கிடைக்கிறது. அதன் நிபந்தனைகளை வாசித்து, அனுமதியைத் தாளில் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். மூன்றாவது, உள்ளூர்க் கலைஞர் ஒருவர் தானே எழுதி, இசையமைத்து, பாடி, பதிவு செய்த பாடலென்றால் அவரிடமே எழுத்தில் அனுமதி பெறலாம். அவருக்கும் ஒரு சிறு வருமானம் கிடைக்கும். மண்டபம் வைத்திருப்போரும் சவுண்ட் சேர்விஸ் நடத்துவோரும், வாடகைப் பத்திரத்தில் இசை அனுமதி யாருடைய பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துக் கொள்வது பின்னர் வரும் பிணக்கைக் குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதை ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே சுமக்க வேண்டியதில்லை. பாடலாசிரியர்கள் தனியாகக் கேட்டுக் களைத்ததால்தான் சங்கம் அமைத்தார்கள். வர்த்தகர்களுக்கும் ஊருக்கு ஊர் வர்த்தகர் சங்கம் இருக்கிறது. ஒரு நகரத்துக் கடைகள் அனைத்துக்கும் சேர்த்து நியாயமான ஒரு கட்டணத்தைப் பேசித் தீர்க்கவும், சிறு கடைகளுக்குச் சட்டத்தில் விலக்குக் கோரி அரசாங்கத்துக்கு எழுதவும் அச்சங்கங்களால் முடியும். அடுத்த மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு விடயமாகச் சேர்த்துக் கொள்ளுமாறு உங்கள் ஊர்ச் சங்கத்திடம் கேளுங்கள். கடிதம் வந்த பிறகு கூடிப் பேசுவதைவிட, வருமுன் பேசி வைப்பது செலவு குறைந்தது.